.44 மேக்னம் ரிவால்வர்: பிடியின் வடிவமும் கையில் இறங்கும் உதையும்

கொத்மலை44
வணக்கம். சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் ஹேமரைக் கையால இழுக்கிற வகை) .44 மேக்னம் ரிவால்வரின் பிடி பற்றிக் கேட்கணும். பிடி பழைய கோல்ட் கம்பெனி ரிவால்வர் மாதிரி மேழி வளைவு. பக்கப் பலகை ரெண்டும் வழுவழுப்பான மரம். தோட்டா போடாம எடை 1.36 கிலோ. வேகம் குறைஞ்ச .44 ஸ்பெஷல் தோட்டா போட்டா ஒரு தொல்லையும் இல்லை. முழு வேகத் தோட்டா போட்டா ட்ரிகர் வளையத்தின் பின்பக்கம் நடுவிரல் மூட்டுல அடிக்குது, பிடி கைக்குள்ளேயே உருண்டு வேற இடத்துல போய் நிக்குது. ரப்பர் போடச் சொல்றாங்க சிலர், அதிகம் நிமிர்ந்த பிஸ்லி பிடிக்கு மாறச் சொல்றாங்க சிலர். கை சின்னது. எதைப் பார்த்து முடிவு பண்றது?

சிவனொளி
தம்பி, ரப்பருக்குக் காசு செலவழிக்கும் முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பாருங்கள். உதை எவ்வளவு என்பது ஒன்று. அது கையின் எந்த இடத்தில், எந்தத் திசையில் இறங்குகிறது என்பது இன்னொன்று. முதலாவதைப் பிடியால் மாற்ற முடியாது. ரவையின் எடையும் வேகமும், வெடிமருந்தின் அளவும், துவக்கின் எடையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

உங்கள் துவக்குக்கே கணக்குப் போடுவோம். 240 கிரெய்ன் ரவை என்றால் 15.5 கிராம், வேகம் வினாடிக்கு 410 மீட்டர். மருந்து ஒன்றரை கிராம். அதன் வாயு வினாடிக்கு 1200 மீட்டரில் வெளியேறுவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். கூட்டிப் பார்த்தால் 1.36 கிலோ துவக்கு வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது, ஆற்றல் ஏறக்குறைய 25 ஜூல். 1.1 கிலோ துவக்கில் பழைய .45 கோல்ட் தோட்டாவுக்கு இதே கணக்கைப் போட்டால் 11 ஜூல்தான் வரும். மலைநாட்டில் பன்றிக் காவலுக்கு வைத்திருக்கும் 12 துளைத் துவக்கு 3.2 கிலோ இருந்து, 32 கிராம் சன்னத்தோடு வெடித்தால் 32 ஜூல் வரை வரும். ஆனால் அதன் வேகம் வினாடிக்கு 4.5 மீட்டர்தான், தாங்குவதும் தோள். .44 மேக்னத்தில் அதில் முக்கால்வாசி ஆற்றல், அதைவிட வேகமாக, உள்ளங்கை அகலத்துக்குள் இறங்குகிறது. பிடியின் வடிவத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட முக்கியமாவது இதனால்தான்.

அடுத்தது திசை. இப்படிப்பட்ட ரிவால்வரில் சிலிண்டரின் மேல் அறையில்தான் வெடிக்கும், அதனால் குழலின் அச்சு மணிக்கட்டுக்கு நன்றாக மேலே இருக்கிறது. உதை நேராகப் பின்னால் வந்தாலும், கை கீழே பிடித்திருப்பதால் குழல்வாய் மேலே எழும்பித்தான் தீரும். மேழிப் பிடி அந்தச் சுழற்சியை எதிர்க்காமல் விட்டுக்கொடுக்கிற வடிவம். கோல்ட் 1851 நேவியில் இருந்த வளைவை 1873 மாதிரியிலும் ஏறக்குறைய அப்படியே வைத்தார்கள். துவக்கு உருளும், உருண்டு முடியும்போது ஹேமர் பெருவிரலுக்குக் கிட்ட வந்திருக்கும், அடுத்த சூட்டுக்கு இழுத்துக்கொள்ளலாம். கரிமருந்துக் காலத்து .45க்கு இது அருமையான வடிவம். பிடி உருள்வதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 25 ஜூலில் அந்த உருளல் கை சமாளிக்கும் வேகத்தைத் தாண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

பண்டாரவளை பாஸ்
சிவனொளி அண்ணன் சொன்னதோட ஒண்ணு. மூட்டுல அடி விழுறதுக்குக் காரணம் ட்ரிகர் வளையத்துக்குப் பின்னாடி இருக்கிற வெற்றிடம். வளையமும் பிடியின் முன்விளிம்பும் சேர்ற மூலையில நடுவிரல் ஒட்டி நிக்கலைன்னா, துவக்கு அந்த இடைவெளியைத் தாண்டி ஓடி வந்து விரல்ல மோதும். விரல் ஏற்கனவே ஒட்டி இருந்தா தள்ளும், அடிக்காது. 1959ல வந்த ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்குல வளையத்தோட பின்பக்கம் சதுரமா இருக்கும். மூட்டைத் தட்டுறதுக்குப் பேர் போன வளையம் அது. உங்களோடது சதுரமா வட்டமா?

கொத்மலை44
சதுரம்தான் பாஸ்.

பண்டாரவளை பாஸ்
அப்ப காரணம் பாதி கிடைச்சாச்சு. காசு செலவில்லாத வழியை முதல்ல பாருங்க. சுண்டுவிரலைப் பிடியின் அடிக்குக் கீழே மடிச்சு விடுங்க. மத்த விரல்கள் கொஞ்சம் கீழே இறங்கும், நடுவிரல் வளையம் வந்து எட்டாத தூரத்துக்கு விலகும். மேழிப் பிடியில பழையவங்க பிடிக்கிற முறையே இதுதான். இதுல துவக்கு இன்னும் தாராளமா உருளும், அதுக்கு மணிக்கட்டு வழி விடணும். உருளுதேன்னு பயந்து இறுக்கிப் பிடிச்சா உதை முழுக்க மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் போயிரும்.

சரிவரலைன்னா, பலகையோட முன்பக்கத்தை வளர்த்து அந்த மூலையை அடைக்கணும். அது மரவேலை, பிறகு சொல்றேன்.

மஸ்கெலியா மலர்
கை சிறியது என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அதுதான் இங்கே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். துவக்கில் தோட்டா இல்லை என்று சிலிண்டரைச் சுழற்றி ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சுடும் கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டை, பிடியின் முதுகில் நடுவாக வைத்து, கையை நீட்டுங்கள். வேறொருவர் மேலிருந்து பார்க்கட்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையை மாற்றாமல் ஆட்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

தொடாவிட்டால் என்ன நடக்கும்? சுடுகிறவர் தன்னை அறியாமலே பிடியைக் கைக்குள் திருப்பி விரலை எட்ட வைப்பார். அப்போது பிடியின் முதுகு கவட்டின் நடுவை விட்டு விலகி, பெருவிரலின் அடி மூட்டில் போய் உட்காரும். உதை முன்கைக்குள் போகாமல் அந்தச் சின்ன மூட்டுக்குள் போகும். பெருவிரல் அடியில் நாட்பட்ட வலி வருகிறவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பருமனுக்கும் ஒரு சோதனை உண்டு. பிடியைச் சுற்றி மூடும்போது நடுவிரல் நுனி பெருவிரல் மேட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விரல் நுனி உள்ளங்கைக்குள் குத்தினால் பிடி மெல்லியது, உருளும். விரலளவு இடைவெளி இருந்தால் பிடி தடித்தது, இறுக்கிப் பிடிக்கும் பலம் குறைந்துவிடும்.

ஊவா வேட்டு
மன்னிக்கணும், ரப்பரை எல்லாரும் ஒதுக்குற மாதிரி தெரியுது. ஸ்மித் அண்ட் வெசன் 2003ல .500 மேக்னத்தை இறக்கினப்ப பிடியை ரப்பரில்தான் செஞ்சாங்க. 28 கிராம் ரவையை வினாடிக்கு 500 மீட்டரில் தள்ளுற தோட்டா. ரெண்டு கிலோ துவக்குன்னு வச்சு சிவனொளி அண்ணனோட கணக்கைப் போட்டா 70 ஜூலைத் தாண்டும். குழல்வாயில வாயுவைத் திருப்பி விடுற பிரேக் அதுல கொஞ்சம் குறைக்கும். அந்தத் துவக்கை வழுவழு மரத்தோட யார் சுடுவாங்க? வேலை செய்றது ரப்பர்தான்.

இன்னொண்ணு, அந்த அளவுத் துவக்குல இடக்கை விரல் சிலிண்டருக்கு முன்னால போகவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல வெளியேறுற வாயு விரலையே சிதைச்சுரும்.

சிவனொளி
வாயு பற்றிச் சொன்னது எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது.

ரப்பரை நான் ஒதுக்கவில்லை, அது எங்கே உதவுகிறது என்று பார்ப்போம். ரப்பர் பிடி இரண்டு வகை. ஒன்றில் பக்கங்களும் முன்பக்கமும் மட்டும் ரப்பர், பின்பக்கம் இரும்பு வெளியே தெரியும். டபுள் ஆக்‌ஷன் (ட்ரிகரை இழுத்தாலே ஹேமரும் பின்னால் போகும் வகை) பிடி பலதும் இப்படித்தான். இதில் கவட்டில் இறங்குவது இரும்புதான், ரப்பர் நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும் உதவும். மற்றது முதுகையும் மூடுவது. நீங்கள் சொல்லும் .500இன் பிடி அந்த வகை. அங்கே உண்மையாகவே மெத்தை இருக்கிறது. ஆனால் முதுகில் ஏறிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ட்ரிகரைக் கையிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறது. மலர் அக்கா சொன்ன சோதனையில் இந்தத் தம்பி ஏற்கனவே எல்லையில் நிற்கிறார் என்றால், அந்த மெத்தையே பிடியைத் திருப்பிப் பிடிக்க வைத்துவிடும்.

ஃபிரேமின், அதாவது துவக்கின் இரும்புச் சட்டத்தின், அமைப்பையும் பார்க்க வேண்டும். ரூகரின் ரெட்ஹாக் 1979இல் வந்தது, அதில் பிடிக்குள் இரும்பு ஃபிரேம் முழு வடிவத்தில் இருக்கும். 1987இன் சூப்பர் ரெட்ஹாக்கில் பிடிக்குள் ஒரு குட்டைத் தண்டுதான், அதைச் சுற்றி எந்த வடிவத்தையும் ஏற்றலாம். சிறிய கைக்குத் தண்டு அமைப்பு பெரிய வரம். உங்கள் சிங்கிள் ஆக்‌ஷனில் முதுகு இரும்பு மாறாது. அதன் மேல் வைப்பதெல்லாம் கூட்டல்தான், கழிக்க இடமில்லை.

கொத்மலை44
மலர் அக்கா சொன்னபடி பார்த்தேன். குழலும் கையும் நேரா இருக்கும்போது விரல் நுனி ட்ரிகரைத் தொடுது, அதுக்கு மேல கொஞ்சமும் மிச்சமில்லை. நடுவிரல் நுனி உள்ளங்கையில நல்லாவே குத்துது. அப்ப பிஸ்லி?

சிவனொளி
அப்படியென்றால் எட்டும் தூரம் சரி, பருமன் போதவில்லை. முதுகில் எதையும் சேர்க்காமல் பக்கங்களில் சேர்க்க வேண்டும். முதுகை மூடும் ரப்பர் உங்களுக்கு வேண்டாம்.

பிஸ்லி பற்றி: கோல்ட் 1894இல் இறக்கிய பிஸ்லி மாதிரிக்கு இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தின் பெயர், அது இலக்குச் சுடுதலுக்கு. 1980களின் நடுவில் ரூகர் கொண்டுவந்த பிஸ்லி பிடி அதன் நகலல்ல. அது அதிகம் நிமிர்ந்தது, நீளமானது, முதுகின் மேற்பகுதி உயர்ந்தது. கை மேலே ஏறாமல் தடுத்து, உதையை உருளலாக்காமல் நேராக உள்ளங்கைக்குத் தள்ளும். ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால் இடமும் கூடுதல், மூட்டு தப்பும். கனமான தோட்டாவுக்கு நான் தேர்வது அதைத்தான். ஆனால் மேழியின் உருளலுக்குப் பழகிய கைக்கு முதலில் உதை கூடிவிட்டது போலத் தோன்றும். குழல்வாய் குறைவாக எழும்பும், உள்ளங்கையில் தள்ளல் கூடும். மணிக்கட்டில் ஏற்கனவே காயம் உள்ளவருக்கு மேழிதான் இதம்.

மாற்றுவது சின்ன வேலை அல்ல. சிங்கிள் ஆக்‌ஷனில் பிடியின் ஃபிரேம் தனித் துண்டு, திருகைக் கழற்றினால் வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பிஸ்லி ஃபிரேமுக்கு ஹேமரும் ட்ரிகரும் பிஸ்லிக்குரியவையாக இருக்க வேண்டும். பொருத்திச் சரிபார்ப்பது துவக்குத் திருத்துகிறவரின் வேலை, மேசையில் வைத்து நாமே செய்வதல்ல.

ஊவா வேட்டு
சரி அண்ணே, இவருக்குப் பக்கப் பலகைதான் வழின்னு ஒத்துக்கிறேன். ஆனா வழுவழுப்பு வேணாம், செக்கரிங் (வழுக்காம இருக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டுறது) போடச் சொல்லுங்க.

சிவனொளி
மேழியில் கூர்மையான செக்கரிங் போட்டால் துவக்கு உருளும்போது உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். ரம்பம் போல வேலை செய்யும். செக்கரிங் பிஸ்லியிலும் டபுள் ஆக்‌ஷனிலும் சரி, அங்கே பிடி நகரக் கூடாது. மேழியில் மெழுகு பூசிய வழுவழு மரமே நல்லது. விரல் பள்ளங்களும் வேண்டாம். பள்ளங்களின் இடைவெளி உங்கள் விரலோடு ஒத்துப்போகாவிட்டால் மேடு விரல் எலும்புக்கு நேர் கீழே வரும், ஒவ்வொரு சூட்டுக்கும் அங்கேயே இடிக்கும்.

கொத்மலை44
அப்ப பக்கப் பலகை செய்றதுன்னு முடிவு. பாஸ், மரம் எது, எப்படின்னு சொல்லுங்க.

பண்டாரவளை பாஸ்
சொல்றேன். மரத்தோட பேரைவிட முக்கியம் அது காய்ஞ்சிருக்கிறது. நம்ம பக்கம் மூடுபனியும் மழையுமா இருக்கிறதால மரம் ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். துண்டை வீட்டுக்குள்ளே, அடுப்புக்குக் கிட்ட இல்லாம, காத்துப் படுற தட்டில வையுங்க. வாரத்துக்கு ஒருதடவை சின்னத் தராசுல நிறுத்து எழுதுங்க. எடை மாறாம நின்னப்புறம்தான் அறுக்கணும். கொழும்புல ஏசி அறையில காய்ஞ்ச மரத்தை அப்படியே கொண்டுவந்து பொருத்தினா, நுவரெலியாவுல வீங்கிப் பலகை ஃபிரேமைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும்.

மகோகனி சுலபமாக் கிடைக்கும், வேலைக்கு இதமா இருக்கும், ஆனா கொஞ்சம் மெது. நெதுன் உறுதி, வைரமும் அழகு. முதிரைத் தூள் சிலருக்குத் தோல்ல அரிப்பைக் கிளப்பும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேணும். கருங்காலி வெட்டுறதுக்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கு, பழைய தளபாடத்துத் துண்டு கையில இருந்தா ஒழிய அந்தப் பக்கம் போகாதீங்க. சவுக்கு மரம், வாகையெல்லாம் பிளக்கும், வேண்டாம். கோடாலிக் காம்புக்கு எப்படி இழை நீளவாக்குல ஓடணுமோ அப்படித்தான் இதுக்கும். இழை குறுக்கே ஓடினா பிடியோட அடிமூலை முதல் மாசத்திலேயே உடையும்.

பக்கத்துக்கு ஒரு துண்டு, 130 மி.மீ. நீளம், 60 அகலம், 22 தடிப்பு போதும். பழைய பலகையைக் கழட்டுறப்ப திருகாணிக் காடிக்குச் சரியாப் பொருந்துற திருப்புளி எடுங்க. திருகாணியைப் பாதி தளர்த்தி, அதன் தலையில திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால லேசாத் தட்டினா அடுத்த பக்கப் பலகை தானா எழும்பும். நெம்பினா விளிம்பு உடையும்.

உள்முகத்தைக் கண்ணாடி மேல ஒட்டின உப்புத்தாள்ல தேய்ச்சுச் சமமாக்குங்க. ஃபிரேமின் அடியில இருக்கிற குறுக்கு ஊசிக்குத் துளை போடுறப்ப ஊசியைவிடக் கொஞ்சம் பெருசாப் போடணும். இங்கதான் முக்கால்வாசிப் பேர் கெடுக்கிறது. துளை இறுக்கமா இருந்தா உதையெல்லாம் அந்த ஊசியில தங்கி, துளையிலிருந்து கீழ் நோக்கி மரம் பிளக்கும். உதையைத் தாங்க வேண்டியது ஃபிரேமோட விளிம்பைத் தொடுற மரம். அதுக்காகத்தான் உள்முகத்துல எப்பொக்சி படுக்கை. ஃபிரேம் முழுக்க மெழுகு தடவி, திருகாணித் துளையையும் ஸ்பிரிங் இருக்கிற பள்ளத்தையும் பிளாஸ்டிசீனால அடைச்சுட்டு, மரத்துல ஒரு மி.மீ. எப்பொக்சி பூசி, திருகாணியால மெதுவா இழுத்துப் பிடிங்க. கீழ்நாட்டுல ஒரு நாள் போதும்னா இங்க குளிருக்கு ரெண்டு நாள் விடுங்க. கழட்டின பிறகு மெயின் ஸ்பிரிங் ஓடுற இடத்துல எப்பொக்சி ஒட்டியிருந்தா சுரண்டி எடுத்தே ஆகணும். ஸ்பிரிங் அதுல உரசினா ஹேமரின் அடி குறையும், தோட்டா வெடிக்காமப் போகும்.

வெளி வடிவத்துக்கு வருவோம். ஃபிரேமுக்கு ரெண்டு சுத்து மறைப்பு டேப் ஒட்டி, பலகையை மாட்டி வச்சே ராவுங்க. உங்க கைக்குப் பக்கத்துக்கு 2 மி.மீ.ல தொடங்குங்க, குறைக்கலாம், கூட்ட முடியாது. மேல் பாதி தடிப்பா, கீழே போகப் போக மெலிசா இருக்கட்டும். கடையில வர்ற பலகை பலதும் தலைகீழா, அடியில விரிஞ்சிருக்கும். பார்க்க லட்சணம், ஆனா உதையில கை மேலே ஏறுறதுக்கு அதுவே சறுக்குப் பலகையாகுது. குறுக்கு வெட்டுல பார்த்தா பின்பக்கம் அகலமா உருண்டு, முன்பக்கம் ஒடுங்கி இருக்கணும். முதுகு இரும்போட பக்கத்துல மரம் ஒரு மயிரிழைகூடப் பள்ளமா இருக்கக் கூடாது. அப்படி இருந்தா இரும்பு விளிம்பு தனியா நீட்டிக்கிட்டு உள்ளங்கையை வெட்டும். முன்பக்கம் ட்ரிகர் வளையத்துக்குப் பின்னாடி இருக்கிற மூலையில மரத்தை விட்டு வையுங்க, நடுவிரல் அதுல படுற வரைக்கும்.

80, 120, 220, 400ன்னு தாளை மாத்தி மாத்தித் தேயுங்க. 400க்கு முன்னால ஈரத் துணியால துடைச்சு இழை எழும்பினதும் திரும்பத் தேய்க்கணும். பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லிசா அஞ்சாறு பூச்சு, ஒவ்வொண்ணும் காய்ஞ்ச பிறகு அடுத்தது. உள்முகத்துக்கும் அடி விளிம்புக்கும் பூசாம விட்டா ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சுப் பலகை வளையும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாத் தீப்பிடிக்கும். விரிச்சுக் காய வையுங்க.

ஊவா வேட்டு
அருமை பாஸ். மேலே தடிச்சுக் கீழே மெலியணும்கிறதுக்குப் பழைய உதாரணம் ஏதும் இருக்கா?

சிவனொளி
அதே நோக்கத்துக்கு வேறு வழியில் போனது துரைமார் காலத்து வெப்லி. .455 வெப்லி ரிவால்வரின் முந்திய மாதிரிகளில் பிடி கிளிமூக்குப் போல வளைந்திருக்கும்; முதுகின் மேலே கொம்பு உள்ளதும் உண்டு, கை அதற்கு மேல் ஏறாது. 1915இன் ஆறாம் மாதிரியில் அடியைச் சதுரமாக்கினார்கள். உதை 6 ஜூல் அளவுதான் என்பதால் அதில் கொம்பு கையைக் குத்தாது. ஸ்மித் அண்ட் வெசனின் பெரிய டபுள் ஆக்‌ஷன் ஃபிரேமிலும் அப்படியொரு மேடு உண்டு, .44 மேக்னத்தில் அந்த மேடே கவட்டில் இடிக்கிறது என்று சொல்கிறவர்கள் நிறைய. அதே வடிவம், நான்கு மடங்கு ஆற்றல்.

மஸ்கெலியா மலர்
புதுப் பலகையைப் பழக்கும் முறை பற்றி. .44 ஸ்பெஷலில் தொடங்கி, கை எங்கே சிவக்கிறது என்று பாருங்கள். சுடுவதற்கு முன் பிடியில் சுண்ணாம்புக்கட்டித் தூளை லேசாகத் தடவினால், சுட்ட பிறகு உள்ளங்கையில் வெள்ளை படிந்த இடங்கள் தெரியும். வெள்ளை பரவலாக இருந்தால் பிடி பொருந்துகிறது. ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் அங்கே மரத்தைக் குறைக்க வேண்டும். பிறகு முழுத் தோட்டா, ஒரு நாளைக்கு ஒரு சிலிண்டருக்கு மேல் வேண்டாம். ஸ்பெஷல் சுட்ட பிறகு அறையின் முன்பகுதியில் கரி வளையம் படியும், அதைத் துலக்காமல் நீளமான மேக்னம் தோட்டாவை நுழைத்தால் இறுகும்.

விரல்கள் மரத்துப்போனாலோ, பெருவிரல் அடியில் அடுத்த நாளும் வலி இருந்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். விடியற்காலைக் குளிரில் விறைத்த கைக்கு இறுக்கும் பலம் குறைவு, உதையின் வலி கூடுதல். கையைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். மெத்தை வைத்த கையுறை போடுவதாக இருந்தால், மரம் ராவும்போதே அதைப் போட்டு அளந்து பாருங்கள். பின்னால் போட்டால் பருமனும் எட்டும் தூரமும் இரண்டும் மாறிவிடும்.

ஊவா வேட்டு
மரமோ ரப்பரோ, மாசம் ஒருதடவை கழட்டிப் பாருங்க தம்பி. முக்கியமா மழைக்காலத்துல. சுத்தி மூடின ரப்பர்ல ஈரம் வெளியேற வழியில்லை, அடியில இரும்பு செம்பழுப்பாப் பிடிச்சிருக்கிறது வெளியே தெரியாது. துடைச்சு, எண்ணெய் துளியளவு தடவி, மேல மெழுகு. எண்ணெய் கூடினா மரத்துக்குள்ளே இறங்கி மெதுவாக்கிரும்.

கொத்மலை44
எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு பாஸ். திருகாணி சுடச் சுடத் தளருது. இறுக்கி வச்சுரலாமா?

பண்டாரவளை பாஸ்
இறுக்காதீங்க. இறுக்கினா திருகாணித் தலைக்கு அடியில இருக்கிற பித்தளைக் குமிழ் மரத்துக்குள்ளே புதைஞ்சு, சுத்தி வெடிப்பு விழும். தளருதுன்னா பலகை ஃபிரேம்ல அசையுதுன்னு அர்த்தம், எப்பொக்சி படுக்கை போட்டா முக்கால்வாசி நின்னுரும். மிச்சத்துக்குத் திருகாணிப் புரியில நகப்பூச்சு ஒரு துளி போதும், பிறகு கழட்டவும் வரும்.